சட்டைப்பையில் ரிமோட்

வீட்டுக்குள் கால் வைத்ததும் முதல் காரியமாக ஏசி ரிமோட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். சௌக்கியமா, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். போன தடவை என் கணவர் கொடுக்கத் தயங்கினார். பரீட்சையில் பிடிபட்ட துண்டுச்சீட்டைக் கேட்கும் வாத்தியார் மாதிரி, உள்ளங்கையை நீட்டியபடியே வாசலில் நின்றார் அவர். "இது எம் பாக்கெட்டுல இருக்கற வரைக்கும்தாங்க வீடு அமைதியா இருக்கும்" என்றார். என் கணவர் கொடுத்துவிட்டார். அது பதினெட்டில் இருந்தது.

எங்கள் நாலு மாடிக் குடியிருப்புக்கு அவர்தான் ஏசி மெக்கானிக். ஏசி என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். வெயில் காலத்தில் வீட்டைக் குளிர வைக்கிற அதே பெட்டிதான் குளிர் காலத்தில் சூடாக்குகிறது. அதனால் வெந்து போனாலும் அவரைத்தான் கூப்பிடுகிறோம், விறைத்துப் போனாலும் அவரைத்தான் கூப்பிடுகிறோம். எங்களுக்கு அவர் பெயர் இருபத்தஞ்சு. வீட்டில் எத்தனை பேர், யாருக்கு மூட்டு வலி, யார் ஜன்னலோரம் படுக்கிறார்கள், சமையலறைச் சூடு எந்தப் பக்கம் வருகிறது, எல்லாம் கால் மணி நேரம் விசாரித்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் எல்லா வீட்டுக்கும் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "இருவத்தஞ்சுல வைங்க." குளிர் காலத்தில் மட்டும் இருபத்திரண்டு என்பார். அதற்காக வருஷத்துக்கு இரண்டு தடவை பெயரை மாற்றவா முடியும்?

வயது ஐம்பத்தாறு. ஆள் ஒல்லி, மீசை தடிமன். தோளில் ஒரு பை, கையில் ஒரு கறுப்புக் குடை. அந்தக் குடையை வைத்து மழை வருமா வராதா என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். அது அவருடைய தொழில் சாமான். மெஷினைக் கழுவும்போது அழுக்குத் தண்ணீர் கட்டிலிலும் சுவரிலும் கொட்டாமல் இருக்க, குடையை விரித்துத் தலைகீழாக மெஷினுக்குக் கீழே தொங்க விடுவார். குடையின் உச்சியில் ஓட்டை போட்டு ஒரு ரப்பர் குழாயைச் செருகியிருக்கிறார். தண்ணீர் குடையில் விழுந்து, குழாய் வழியாக வாளிக்குப் போய்விடும். இதற்கென்றே கடையில் பிளாஸ்டிக் பை விற்கிறது என்று யாராவது சொன்னால், "அதுக்கு கைப்பிடி இருக்கா?" என்று கேட்பார். மழை நாளில் மட்டும் உச்சந்தலை நனைந்து, குடையும் கையுமாக வந்து நிற்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், அவருக்கு வராது.

மெஷினைத் தொடுவதற்கு முன் அறையைப் பார்ப்பார். பையிலிருந்து ஒரு மெல்லிய காகிதத் துண்டை எடுத்துக் கதவிடுக்கிலும் ஜன்னல் ஓரத்திலும் பிடிப்பார். காகிதம் ஆடினால் அங்கே காற்று ஒழுகுகிறது. "மொதல்ல ஓட்டைய அடைங்க, அப்புறம் புது மெஷினப் பத்திப் பேசலாம்" என்பார். புது மெஷின் விற்றால் அவருக்குத்தான் லாபம், ஆனாலும் அப்படித்தான் சொல்வார். நாலாவது மாடியில் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியை இருக்கிறார். போன குளிர் காலத்தில் அறை சூடாகவே இல்லை, மெஷினை மாற்றிவிடுங்கள் என்று ஒரே பிடிவாதம். இவர் போய்ப் பார்த்தால், மெஷினுக்கு முன்னால் கூரை வரைக்கும் புத்தக அலமாரி. "மூக்கைப் பொத்திக்கிட்டு மூச்சு விடுன்னா எப்படிங்கம்மா விடும்?" என்று கேட்டிருக்கிறார். அலமாரியை நகர்த்த அரை நாள் ஆயிற்று, அறை சூடாக அரை மணி நேரம் ஆயிற்று. தலைமையாசிரியை அன்றிலிருந்து இவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசுவதில்லை.

உண்மையில் எங்கள் குடியிருப்பில் யாருமே எதிர்த்துப் பேசுவதில்லை. அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கும் என் கணவருக்கும் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி அறையின் குளிர் பற்றியதுதான். நான் போர்வைக்குள் இரண்டு ஸ்வெட்டரோடு படுத்திருப்பேன், அவர் பனியனோடு மின்விசிறியையும் சேர்த்துப் போடுவார். அதைத் தீர்த்து வைக்க இரண்டு வீட்டுப் பெரியவர்கள் வந்து பேசியும் ஆகவில்லை. இவர் வந்து கட்டிலை மட்டும் சுற்றித் திருப்பிப் போட்டார். இப்போது குளிர் காற்று நேராக என் கணவர் மேல் விழுகிறது, என் பக்கம் ஓரம் தட்டிப் போகிறது. இருபத்தஞ்சில் இரண்டு பேரும் தூங்குகிறோம். சரி, இவர் வீட்டில் ரிமோட் யார் கையில் என்று ஒருநாள் கேட்டேன். "உங்க பில்டர்ல எவ்ளோ தூசி பாருங்க" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை முடிந்ததும் காதில் செருகிய பென்சிலை எடுத்து, மெஷினின் முன்மூடியைக் கழற்றி, அதன் உள்பக்கத்தில் எழுதுவார். தேதி, செய்த வேலை, அதோடு அந்த வீட்டைப் பற்றி ஒரு வரி. அடுத்த தடவை வரும்போது ஞாபகம் வேண்டுமாம். மூடியை மாட்டிவிட்டால் வெளியே தெரியாது. அவர் குனிந்திருந்த சமயம் எங்கள் வீட்டு மூடியை நான் எட்டிப் பார்த்தேன். "ஐயா பொத்தானைத் தொடாமல் இருந்தால் மெஷின் நீண்ட நாள் வரும்" என்று எழுதியிருந்தது. அதற்காகவே அவருக்கு இன்னொரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்தேன்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம் குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் கண்ணில் படும். சுவரில் அவர் போடும் ஓட்டை கோணலாக இருக்கும். உள்ளே இருக்கும் மெஷினிலிருந்து வெளியே இருக்கும் பெட்டிக்குக் குழாய் போக வேண்டுமே, அந்த ஓட்டை. எங்கள் வீட்டில் அதை மறைக்க ஒரு காலண்டர் தொங்குகிறது. முன்பெல்லாம் அவர் ஓட்டை போட மாட்டார். அதற்கு ஒரு மேஸ்திரி இருந்தார். இந்தக் கட்டடத்துக்கே பூச்சு வேலை பார்த்தவர். ஓட்டை அவர் போடுவார், குழாய் இவர் விடுவார், இருவரும் ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடிப்பார்கள். அந்தக் காலத்து ஓட்டைகளெல்லாம் தட்டு மாதிரி வட்டமாக இருக்கும். பத்து வருஷத்துக்கு முன் இருவருக்கும் பேச்சு நின்றது.

நின்ற கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, இரண்டாவது மாடியில், இவருடைய தங்கை இருக்கிறார். தையல் வேலை செய்கிறார், கணவருக்கு வெளியூரில் வேலை. இவர் தங்கையைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பாப்பாவுக்குப் பேத்தி பிறந்தாயிற்று. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்த வீட்டுக்கு அவர் குடிவந்தபோது, படுக்கையறைக்கு ஒரு மெஷினைத் தானே வாங்கி மாட்டிக் கொடுத்தார் அண்ணன். இரண்டு வருஷம் கழித்து அந்த அறைச் சுவரில் ஈரம் ஏறியது, கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை பூத்தது. மேஸ்திரி வந்து சுரண்டிப் பூசினார். மறுபடி ஈரம். மறுபடி பூசினார். மூன்றாம் தடவையும் வந்ததும், இருபத்தஞ்சு மாடிப்படியில் நின்று எல்லா வீட்டுக்கும் கேட்கிற மாதிரி தீர்ப்புச் சொன்னார்: "மெஷின்ல ஒரு குறையும் இல்ல. மேஸ்திரி கலவையில கை வச்சிருக்காரு."

சிமென்ட்டைக் குறைத்தார் என்று ஒரு மேஸ்திரியைச் சொல்வதும், திருடன் என்று சொல்வதும் ஒன்றுதான். மேஸ்திரி பூச்சுக் கரண்டியைத் தண்ணீரில் கழுவி, துணியில் துடைத்து, பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அதற்கப்புறம் இந்தக் கட்டடத்தில் ஒரு ஆணி அடிக்கக்கூட யாரும் அவரைக் கூப்பிடவில்லை. என் நாத்தனார் வீடு கட்டும்போது அந்த மேஸ்திரி எப்படி என்று என்னைக் கேட்டாள். "வேண்டாம், கலவையில கை வைப்பார்" என்று நானே சொன்னேன். இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது.

இந்த வருஷம் வெயில் தொடங்கிய வாரம், நான் சட்டைத்துணியோடு கீழ்வீட்டுக்குப் போயிருந்தேன். தையல் மெஷின் கூடத்தில்தான் இருந்தது. படுக்கையறையில் வைத்தால் துணியெல்லாம் ஈர வாடை அடிக்கிறது என்று எப்போதோ வெளியே இழுத்துப் போட்டாயிற்று. உள்ளே இருபத்தஞ்சு ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷத்து மெஷின் கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"இதோட கதை முடிஞ்சுது பாப்பா. நாளைக்குப் புதுசு வந்துடும். அதே ரெண்டு டன். உனக்குக் குறைச்சுப் போட எனக்கு மனசு வராது" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணே, எங்க ரூம் இதுக்கு நேர் மேல. அளவும் ஒண்ணுதான். நீங்க டேப் வச்சு மூணு தடவ அளந்துட்டு எங்களுக்கு ஒரு டன் போதும்னீங்க. தங்கச்சிக்கு மட்டும் ரெண்டா? பாசத்த டன் கணக்குல கொடுப்பாங்கன்னு இப்பத்தான் பாக்கறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். தங்கையும் சிரித்தார். அப்புறம் அவர் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுவிட்டது. ஏணியில் இரண்டு படி இறங்கி, அங்கேயே நின்று அறையைச் சுற்றிப் பார்த்தார். இந்த அறையை அவர் அளந்ததே இல்லை. மாட்டிய காலத்தில் அளந்து போடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. பிற்பாடு ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய் வந்த பிறகுதான் டேப் பைக்குள் வந்தது. அதற்கப்புறம் எங்கள் எல்லோருடைய வீட்டையும் அளந்தார். தங்கைக்குக் கொடுத்ததை யாராவது அளப்பார்களா?

இறங்கி வந்து அளந்தார். நீளம், அகலம், ஜன்னல். பென்சிலால் கட்டைவிரல் நகத்தின் மேலேயே கணக்குப் போட்டார்.

"பாப்பா, இந்த மெஷின் போட்டா எவ்ளோ நேரம் ஓடும்?"

"எங்க ஓடுது? போட்ட உடனே ஜில்லுனு ஆயிடும், அஞ்சு நிமிஷத்துல நின்னுடும். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி வரும், நிக்கும். அதான் நல்ல மெஷினுக்கு அடையாளம்னு நீதான சொன்ன."

"வெளிய குழாய்ல தண்ணி வருமா?"

"சொட்டு கிடையாது. மேல இவங்க குழாய்ல வர்ற தண்ணியில நான் தெனமும் வீடே துடைக்கறேன். நம்மளுதுல ஒரு கொசு கால் கழுவ முடியாது."

"என் தங்கச்சி வீட்டு மெஷின் ஒரு சொட்டு ஒழுகாது" என்று அவர் ஊரெல்லாம் பெருமை அடித்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மெஷினுக்கு ரெண்டு வேலைங்க" என்றார் என்னிடம். "ஒண்ணு குளிர வைக்கறது. இன்னொண்ணு காத்துல இருக்கற ஈரத்தப் பிழிஞ்சு வெளிய விடறது. பிழியறதுக்கு நேரம் வேணும், நின்னு ஓடணும். ரூமுக்கு மீறின மெஷின வச்சா, அது அஞ்சு நிமிஷத்துல குளிர வச்சுட்டுப் படுத்துக்கும். பிழியவே பிழியாது. அப்ப ஈரம் எங்க போகும்?"

மூன்று பேரும் சுவரைப் பார்த்தோம். கட்டிலுக்குப் பின்னால், குளிர்ந்த காற்று நேராகப் போய் மோதுகிற அந்த மூலை, இடுப்பு உயரத்துக்குக் கறுத்துப் போயிருந்தது.

அவர் எழுந்து மெஷினின் மூடியைக் கழற்றினார். உள்பக்கம் பென்சில் எழுத்து. மேலே, பன்னிரண்டு வருஷத்து வரி: "பாப்பா ரூம். ரெண்டு டன். எந்தக் குறையும் இருக்கக் கூடாது." அதற்குக் கீழே, இரண்டு வருஷம் கழித்த தேதியில்: "சுவரில் ஈரம். மெஷின் சுத்தம். தப்பு மேஸ்திரி கலவை." எழுத்து மங்கவே இல்லை. அந்த மூடியை மட்டும் ஒரு பழைய துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. மொதல்ல பாத்துடுவோம்" என்றார்.

மறுநாள் ஒரு டன் மெஷின் வந்தது. அதற்குப் பழைய ஓட்டை பொருந்தாததால் பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டார். அன்றிலிருந்து காலையில் எட்டு மணிக்குத் தங்கை வீட்டுக்கு வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். ஈரம் இருக்கிற இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதுவார். முதல் நாள் கோடு கட்டிலின் நீளத்துக்கு இருந்தது. ஒரு வாரத்தில் தலையணை அளவு. வெளியே குழாயில் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. தங்கை அதற்கும் ஒரு வாளி வைத்தார். இருபத்திநாலாவது நாள் போட்ட வட்டம் சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது. மறுநாள் கோடு போட இடமே இல்லை.

சுவர் காய்ந்ததும் மனிதருக்குக் காய்ச்சல் கண்டது போலாயிற்று. அந்த ஒரே வாரத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று தடவை வந்து பில்டரைக் கழுவினார். நாங்கள் கூப்பிடவே இல்லை. மூன்றாம் தடவை ரிமோட்டை வாங்கிக்கொள்ளக்கூட மறந்துவிட்டார். என் கணவர் அந்தக் கால் மணி நேரத்தைப் பத்தொன்பதில் கொண்டாடினார்.

"அண்ணே, இன்னொரு தடவ கழுவினா அந்த பில்டர் கரைஞ்சு போயிடும். மேஸ்திரிக்குப் போன் பண்ணுங்க" என்றேன்.

"பாப்பா வேண்டாங்கறா. பெயிண்ட் அடிச்சுட்டாப் போச்சு, யாருக்குத் தெரியப் போவுதுன்னு கேக்கறா."

"எனக்குத் தெரியுமே."

அவர் குடையைச் சுருக்கினார், மறுபடி விரித்தார், மறுபடி சுருக்கினார். "நான் இருக்கறது வாயிலதாங்க. நான் சொன்னா சரியா இருக்கும்னு நாலு பேர் நம்பறாங்க, அதுலதான் என் பொழப்பு ஓடுது. சொந்தத் தங்கச்சி வீட்டுலயே பத்து வருஷமாத் தெரியல, பழிய இன்னொருத்தர் தலையில போட்டான்னு ஆச்சுன்னா, நாளைக்கு எந்த வீட்டுல போயி இருவத்தஞ்சுல வைங்கன்னு சொல்ல முடியும்? யாரு கேப்பா?"

எனக்கு அவர் மேல் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. "அவருக்கும் பொழப்பு வாயிலதான் போச்சு. உங்க வாயில. அப்புறம் என் வாயிலயும்" என்றேன். என் நாத்தனார் வீட்டு விஷயத்தையும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஓட்டையை மறைத்திருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

வருஷக்கணக்கில் கம்ப்ரசர் இரைச்சல் கேட்டுக் கேட்டு அவருக்கு ஒரு காது மந்தம். போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான். அதனால் நான் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

"மேஸ்திரி, நான்தான்."

"எந்த நான்?"

"இருவத்தஞ்சு."

அந்தப் பக்கம் கலவை மெஷின் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "இப்ப எந்த வீட்டுச் சுவத்துல நான் என்ன பண்ணிட்டேன்?"

"பழைய சுவருதான். ஞாயித்துக்கிழம வந்து பாக்கணும்."

"அத நான் மூணு தடவ பாத்தாச்சு."

"இந்தத் தடவ நான் காட்டணும். வாங்க மேஸ்திரி."

மேஸ்திரி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார்.

இவர் அதோடு விடவில்லை. மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு கதவையும் தட்டி, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தங்கச்சி வீட்டுக்கு வாங்க, ஒரு விஷயம் சொல்லணும் என்று எல்லோரையும் அழைத்தார். மாடிப்படியில் நின்று சொன்னதை மாடிப்படியில் இருந்தவர்கள் முன்னால்தானே திருப்பி வாங்க வேண்டும்? விஷயம் தெரியாத தலைமையாசிரியை, புது மெஷின் விளக்கக் கூட்டம் என்று நினைத்து, நோட்டும் பேனாவும் கொண்டு வந்தார். தரைத்தளத்துத் தம்பதி சீக்கிரம் முடியுமா என்று கேட்டார்கள். தங்கை எல்லோருக்கும் டீ போட்டுவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் சமையலறை வாசலில் நின்றார். வெளியே அனல். அந்தச் சின்ன அறைக்குள் எட்டுப் பேர். ரிமோட் வழக்கம்போல் இருபத்தஞ்சின் பையில், மெஷின் இருபத்தஞ்சில்.

பத்தேகாலுக்கு மேஸ்திரி வந்தார். பருத்த உடம்பு, வேட்டி முழுக்க வெயிலின் வேர்வை. இரண்டு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. "கைய வீசிக்கிட்டுத்தான் வந்திருக்கேன். கரண்டி எடுத்துட்டு வரல" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

யாரும் உட்காரச் சொல்வதற்கு முன் நேராக அந்த மூலைக்குப் போனார். பென்சில் கோடுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். நகத்தால் கீறிப் பார்த்தார்.

"காஞ்சிருக்கு" என்றார். "யாரு பூசினது?"

"நீங்க பூசினதுதான்" என்றார் இருபத்தஞ்சு. "பத்து வருஷத்துக்கு முன்னாடி பூசினது. அதுக்கப்புறம் ஒரு கை படல."

"அப்புறம் எப்படிக் காஞ்சுது?"

இருபத்தஞ்சு பையிலிருந்து துணியைப் பிரித்து அந்தப் பழைய மூடியை எடுத்துக் கொடுத்தார். மேஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்தார். "தப்பு... மேஸ்திரி... கலவை." தலைமையாசிரியை பேனாவை மூடினார்.

"எழுதினது நான். தப்பும் நான்தான்" என்றார் இருபத்தஞ்சு. எங்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்கங்க. மெஷின் பெரிசு. இந்த ரூமுக்கு ரெண்டு மடங்கு பெரிசு. அளக்காமப் போட்டவன் நான். அதனாலதான் சுவரு ஊறுச்சு. மேஸ்திரி கலவையில எந்தக் குறையும் இல்ல. அன்னைக்கும் இல்ல. நான் சொன்னத நம்பி நீங்க யாருகிட்ட என்ன சொன்னீங்களோ, தயவு செஞ்சு அவங்ககிட்ட இதையும் சொல்லிடுங்க." கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னதாகவே எனக்குப் பட்டது. நான் தலையாட்டினேன்.

மேஸ்திரி மூடியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு தெரு தாண்டிப் போனாக்கூட, கலவை மேஸ்திரின்னாங்க" என்றார் மெதுவாக. "எம் பையன் கல்யாணத்துல ஒருத்தன் மைக்ல சொன்னான்."

"தெரியாது மேஸ்திரி."

"தெரியாதுதான். நீங்கதான் வரலயே."

இருபத்தஞ்சு தலை குனிந்தபடி நின்றார். தங்கை வந்து மேஸ்திரிக்கு நாற்காலியைப் போட்டார். மேஸ்திரி உட்கார்ந்தார். மூடியை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் துண்டால் துடைத்தார். பிறகு நிமிர்ந்து, புது மெஷினுக்குப் பக்கத்தில் குழாய் போகிற ஓட்டையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அது யாரு போட்ட ஓட்டை?"

"நான்தான்."

"கோணல்."

"தெரியும்."

"முட்டை மாதிரி இருக்கு."

"எல்லா வீட்டுலயும் அப்படித்தான் இருக்கு மேஸ்திரி. பத்து வருஷமா."

என் கணவர் என்னை இடித்தார். எங்கள் காலண்டரை நினைத்து இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம். மேஸ்திரியின் கன்னம் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. "நாளைக்குக் கரண்டி எடுத்துட்டு வரேன்" என்றார். தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ எடுக்கப் போனார்.

மேஸ்திரி மறுபடி முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். துண்டையே விசிறியாக்கி வீசிக்கொண்டார்.

இருபத்தஞ்சு சட்டைப்பையில் கையை விட்டார். ரிமோட்டை எடுத்தார். ஒரு கணம் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அதை மேஸ்திரியின் கையில் வைத்தார்.

இத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் காணாத காட்சி. என் கணவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். மேஸ்திரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சிமென்ட் ஏறிய கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினார். மெஷின் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு தடவை கத்தியது. நான் எண்ணினேன். ஏழு தடவை. பதினெட்டு.

எல்லோரும் இருபத்தஞ்சின் முகத்தைப் பார்த்தோம். அவர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு கையை உயர்த்தி, சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.